கிழிக்காத நாட்கள்

நம் வீட்டு ஹாலில் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை நான்கு மாதம் நின்றது. மழை பெய்தது, ஓணம் வந்து போனது, நீ ஒன்றாம் வகுப்பில் பாதிப் புத்தகத்தை முடித்தாய். சுவரில் மட்டும் அதே வெள்ளிக்கிழமை. இதைச் சொன்னால் நீ நம்புவதில்லை. "சும்மா கத விடாதீங்கப்பா" என்கிறாய். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நீ பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாய், தமிழை இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாய். நம் இரண்டு பேருக்கும் சரிப்படுகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். உன்னைப் போல வேறு பிள்ளைகள் வாசித்தாலும் புரிய வேண்டும்.

உன் அம்மா அப்போது மஸ்கட்டில் இருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, அடுக்கிக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு என்று பேச்சு. முதல் வருஷம் முடிந்து லீவில் வந்தாள். திரும்பக் கிளம்பிய அன்று நீ அவள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாய்.

அப்போது அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருந்த புதுக் காலண்டரைக் காட்டினாள். நாகர்கோவிலிலிருந்து உன் மாமா வருஷா வருஷம் வாங்கி அனுப்புகிற தினசரி காலண்டர். மேலே முருகன் படம் போட்ட அட்டை, கீழே தடித்த கட்டையாக நாள் தாள்கள். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் மலையாள மாசக் காலண்டர்தான். உன் அம்மாவுக்கு அது காலண்டராகவே தோன்றாது. "நாளக் கையால பிடிச்சுக் கிழிக்காண்டாமா?" என்பாள். காலையில் குளித்துவிட்டு வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் அது. கிழித்து, நல்ல நேரம் ராகு காலம் எல்லாம் சத்தமாக வாசிப்பாள். பிறகு அந்தத் தாள் கறிவேப்பிலை ஆய்ந்து போடவோ, குங்குமம் மடிக்கவோ போகும். விளக்கு வைத்த பிறகு மட்டும் கிழிக்க விடமாட்டாள். அந்தியில் நாளைக் கிழித்தால் மறுநாளை விரட்டிக் கூப்பிட்ட மாதிரி ஆகுமாம். யார் சொன்னார்களோ, அவள் வீட்டு வழக்கம்.

உன் விரலைப் பிடித்து அந்தக் கட்டையைத் தடவ வைத்தாள். "எவ்வளவு குண்டா இருக்கு பாரு. தினமும் அப்பா ஒண்ணு ஒண்ணாக் கிழிப்பா. இது மெலிஞ்சு மெலிஞ்சு பின்னால உள்ள அட்ட தெரியும் பாரு, அப்ப அம்மா வந்துருவேன்."

நீ பெட்டியிலிருந்து இறங்கியது அதற்குப் பிறகுதான்.

மாமா எப்போதும் இரண்டு காலண்டர் அனுப்புவார். மற்றொன்றை உன் அம்மா எடுத்துக்கொண்டு போனாள். அங்கே அமாவாசை, கார்த்திகை எல்லாம் யார் சொல்வார்கள் என்றாள். பெட்டி மூடவில்லை என்று நான் அழுத்தியபோது அட்டை இரண்டாக மடிந்து முருகன் முகத்தின் குறுக்கே கோடு விழுந்தது. "சாமிய மடக்கிப் போட்டாச்சு" என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் கோடு பின்னால் ஒரு காரணமாகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

உன் அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். ப்ராஜக்ட் செய்ய வேண்டும் என்று ஒரு நாள் ஹாலில் இருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, உள்ளே தீப்பெட்டி அளவில் எதையோ வைத்து மூடினாள். சமையலறை, வாசல் விளக்கு, தண்ணீர் மோட்டார், எல்லாவற்றுக்கும் அப்படியே. பிறகு என் கையில் போனைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். திரையில் நம் ஹால் அப்படியே தெரிந்தது. ஆனால் ஃபேனைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். திரையிலிருந்து கண்ணை எடுத்து ஃபேனைப் பார்த்தேன், வளையம் கிடையாது. மறுபடி திரையில் பார்த்தேன், இருந்தது.

"அத விரலால திருகுங்கப்பா."

திருகினேன். தலைக்கு மேல் நிஜமான ஃபேன் வேகம் பிடித்தது. ட்யூப்லைட்டின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு மிதந்தது, தொட்டேன், அணைந்தது. எந்த சுவிட்ச் எதற்கு என்று தேட வேண்டாம். எது வேண்டுமோ அதையே பார்த்து, அதையே தொட்டால் போதும். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர் சொன்னாள். அதை நான் சரியாகச் சொல்லப் பழகவே ஒரு வாரம் ஆனது.

அன்று நான் கேட்டது இதுதான்: "சுவிட்ச் கை எட்டுற தூரத்துலதான இருக்கு. எந்திரிச்சுப் போனாப் போதாதா?"

உன் அக்கா ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நமக்குப் போதும். அம்மா எப்படி எந்திரிச்சு வந்து போடுவா?"

நான் போனை மறுபடி உயர்த்திப் பிடித்தேன்.

அவள் நினைத்தது இது. நம் வீட்டை மூலை முடுக்கு விடாமல் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவது. அம்மா தன் அறையில் போனை உயர்த்தினால், அங்கே இருக்கிற சுவருக்கு மேலாக நம் ஹால் விரிய வேண்டும். அவள் அங்கே விளக்கைத் தொட்டால் இங்கே எரிய வேண்டும். ஆனால் வீட்டை எந்த இடத்திலிருந்து விரிப்பது என்று போனுக்கு ஓர் அடையாளம் வேண்டுமாம். இங்கும் அங்கும் சுவரில் ஒரே படம் இருக்க வேண்டும். போன் அதைப் பார்த்ததும், "ஓ, இதுதான் அந்த இடம்" என்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி என்ன இருந்தது? காலண்டர்தான். அங்கே முருகன் முகத்தில் கோடு விழுந்திருந்ததால் அட்டையை வைத்தால் போன் குழம்பியது. கீழே இருந்த தாள் இரண்டு இடத்திலும் ஒரே அச்சு. பெரிய எழுத்தில் தேதி, சுற்றிலும் பொடி எழுத்து. அக்கா அந்தத் தாளையே அடையாளமாக வைத்தாள். அது ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்காகப் பள்ளிக்கூடமெல்லாம் லீவு விட்ட நாள். மத்தியானச் சோறு முடிந்து அவள் வீடு முழுக்கச் சுற்றிப் படம் பிடித்தாள். நீ ஜன்னல் மூலையில் பாயில் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் ஆறு மணி. மஸ்கட்டில் நாலரை. அம்மாவுக்கு வேலை முடிந்து அறைக்கு வந்துவிடுகிற நேரம். மற்றொரு போனில் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அக்கா சொல்லிக்கொடுத்தாள். நாம் மூவரும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"தெரியுது மக்ளே," என்றாள் அம்மா. "நம்ம ஹாலு. கிரைண்டரு ஒரு பக்கம் உருகின மாதிரி இருக்கே."

"அது சரியாப் படம் பிடிக்கலம்மா. நீ லைட்டத் தொடு."

ஹாலில் விளக்கு எரிந்தது. நீ கை தட்டினாய்.

"அடுக்கள எங்க?"

"இடது பக்கம் நட."

"இடது பக்கம் சுவராக்கும் இருக்கு."

நம் ஹாலை விட அவள் அறை சின்னது. நான்கு பேருக்கு நான்கு கட்டில், நடுவில் நடக்க ஓர் ஒற்றையடி இடம். நம் சமையலறை அவளுக்குச் சுவரைத் தாண்டி வெளி வராந்தாவில் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய் காற்றில் கையை நீட்டினாள். இங்கே சமையலறை விளக்கு எரிந்தது. வாசல் விளக்கு அதைவிட மோசம். அது அறையில் கூட இருந்த கொல்லத்துக்கார சேச்சியின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. அம்மா கட்டிலில் முழங்காலை ஊன்றி எட்ட, தூங்கிக்கொண்டிருந்த சேச்சி விழித்துவிட்டார்.

"எந்தாடீ, என்ற தலையில எந்தா தேடுற?"

"எங்க வீட்டு வாசலு சேச்சி."

"உன் வீட்டு வாசல் என்ற தலைமாட்டிலா? எங்கில் வாடக தா."

போனில் நான்கு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இங்கே வாசல் விளக்கு எரிந்தது. நான் வெளியே போய் நின்று அதைப் பார்த்தேன். எத்தனையோ நாள் நானே போட்ட விளக்குத்தான்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து, வழக்கம் போலக் காலண்டரைக் கிழித்தேன். அங்கே அவளும் கிழித்தாள். அன்று சாயங்காலம் எதுவும் வேலை செய்யவில்லை. அக்கா தரையில் லேப்டாப்பை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள், சுவிட்ச் பெட்டியைக் கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். கடைசியில் தற்செயலாகச் சுவரைப் பார்த்தவள் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா. வெள்ளிக்கிழமைத் தாளக் கிழிச்சிட்டீங்க."

"இன்னிக்கு சனிக்கிழமையாச்சே. கிழிக்காம?"

குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். அம்மா அதில் குங்குமம் மடித்து வைத்திருந்தாள், அவளும் பிரித்தெடுத்தாள். இரண்டு பேரும் சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டினோம். வீடு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. வேறு ஏதாவது படம் வரைந்து அனுப்பினால் அங்கே அச்செடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் அக்கா. அம்மாதான் வேண்டாம் என்றாள். "எதுக்கு மக்ளே? இது நம்ம வீட்ல கிடந்தது. கிழிக்காம விட்டாப் போச்சு."

அப்படித்தான் நாள் நின்றது.

எனக்குச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை என்பது உனக்குத் தெரியும். காலையில் கடை திறக்கிற பொறுப்பு என்னுடையது, அதனால் ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் நான் கிழக்கேகோட்டையில் டீக்குக்கூட நிற்காமல் வந்தேன். ஆறு மணிக்கு விளக்கு எரியும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தலையைத் துவட்டாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ போனில் கோள் சொல்வாய். அடுத்த நிமிஷம் ஃபேன் நின்றுவிடும். நான் திரும்பப் போடுவேன், அது திரும்ப நிற்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைகளிலேயே சத்தமில்லாத சண்டை அது.

வீடியோவில் பேசலாமே, அது போதாதா என்று கடையில் கேட்டார்கள். வீடியோவில் முகத்தைப் பார்ப்போம், சாப்பிட்டாயா என்போம், பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. இதில் அவள் பேசவே மாட்டாள். மோட்டாரை நிறுத்துவாள், ஆளில்லாத அறையில் எரிகிற விளக்கை அணைப்பாள். விருந்தாளி மாதிரி இல்லை, வீட்டுக்காரி மாதிரி.

பிறகு அக்கா ஒன்று சேர்த்தாள். அம்மாவின் விரல் நம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் நம் போன் திரையில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும். மின்மினி மாதிரி. ஆறு மணிக்கு நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். புள்ளி வாசலில் தெரியும், விளக்கு எரியும். ஹாலுக்கு வரும். சமையலறைக்குப் போகும், அங்கே கொஞ்ச நேரம் இருக்கும். வராந்தாவில் அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். திரும்ப ஹாலுக்கு வந்து ஜன்னல் மூலைக்குப் போகும். அங்கே நிற்கும். வெகு நேரம் நிற்கும்.

ஜன்னல் மூலையில் விளக்கோ ஃபேனோ எதுவும் கிடையாது. ஒரு பழைய குடைதான் சாத்தியிருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"அந்த மூலைல என்ன தேடுத?"

"சின்னவ அங்கதான படுத்திருக்கா," என்றாள்.

எனக்குப் புரிய நேரமானது. அவளுக்கு அனுப்பிய வீடு அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்து வீடு. அதில் நீ போர்வைக்குள் சுருண்டு தூங்குகிறாய். முகம் தெரியாது, ஒரு மேடு மாதிரி, ஓரத்தில் ஒரு கால் மட்டும். எந்த நாளில் எப்போது போனை எடுத்துப் பார்த்தாலும் அவள் வீட்டில் நீ தூங்கிக்கொண்டே இருந்தாய். அவள் தினமும் வேலை முடிந்து வந்து, விளக்கெல்லாம் போட்டுவிட்டு, கடைசியாக உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நீ அந்நேரம் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாய். உன் கவுன்கள் அதற்குள் இரண்டு சின்னதாகிவிட்டன.

அதற்குப் பிறகு ஆறு மணிக்கு உன்னைத் தெருவிலிருந்து கூப்பிட்டு அந்த மூலையில் உட்கார வைக்கப் பார்த்தேன். நீ எங்கே உட்கார்ந்தாய். ஒரே ஒரு நாள் வீட்டுப்பாடத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தாய். புள்ளி உன் தலைமுடி மேலே வந்து நின்றது. நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நான் போனைப் பிடித்திருந்த கை வலித்தும் இறக்கவில்லை.

நாள் நின்றுபோனதில் வேடிக்கையும் நடந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இன்று என்ன கிழமை என்று கேட்க, நீ எழுந்து "வெள்ளி" என்றாய். மறு வாரம் கேட்டபோதும் வெள்ளி. டீச்சர் உன் அக்காவைக் கூப்பிட்டு, வீட்டில் பிள்ளைக்குக் கிழமை சொல்லிக்கொடுங்கள் என்றாராம். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் சுவரைப் பார்த்து, "அண்ணாச்சி, இவிட இப்பழும் ஆடியா? தள்ளுபடி உண்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அம்மா ஒரு செய்தி சொன்னாள். அவளுடைய சூப்பர்வைசர் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கார்த்திகை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்தேன். வந்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்காவுக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. வீட்டைப் பற்றி, உன் படிப்பைப் பற்றி நாங்கள் பேசிவைத்த காரியங்கள் எத்தனையோ இருந்தன. அதையெல்லாம் அவளும் யோசித்திருப்பாள்.

"நீ என்ன நெனைக்க?" என்றேன்.

"என்ன நெனைக்க. முந்தி மாதிரி கஷ்டமா இல்ல இப்ப. தினமும் வீட்டுக்கு வந்துட்டுத்தான போறேன்."

அவள் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். அந்தப் புள்ளியைப் பார்க்க நானும்தான் தினமும் ஓடி வந்தேன். அது வருவதனாலேயே அவள் வராமல் போய்விடுவாளோ என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

கார்த்திகை பிறந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு நாள் கடையில் சரக்கு இறங்கி எனக்கு நேரமாகிவிட்டது. கிழக்கேகோட்டையில் பஸ்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கூட்டத்தில் நெருக்கிப் போக முடியாமல் கோட்டை வாசலுக்குள் புகுந்து அக்ரகாரத் தெரு வழியாக நடந்தேன்.

தெரு முழுக்க விளக்கு. ஒவ்வொரு வாசலிலும் படிக்குப் படி அகல் விளக்கு. மழை ஈரத்தில் கோலத்தின் மேலும் விளக்கு. ஒரு வீட்டு மாமி காற்றுக்குக் கையால் மறைத்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றுவிட்டேன்.

"மாமி, இன்னிக்கு என்ன?"

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னன்னா கேக்கறேள்? திருக்கார்த்திகை. நீங்க தமிழ்தானே?"

ஓணத்தையும் பூஜை விடுமுறையையும் ஊரே சொல்லிவிடும். கார்த்திகைக்கு லீவு கிடையாது. கடையில் இருக்கிற எல்லாரும் மலையாளிகள், அவர்களும் சொல்லவில்லை. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியது அந்தக் காலண்டர்தான். அது ஆடியில் நிற்கிறது. உன் அம்மா ஒரு வருஷம்கூட கார்த்திகைக்கு விளக்கு வைக்காமல் இருந்ததில்லை. போன வருஷம் மஸ்கட்டிலும் வாட்டர் பாட்டில் மூடியில் எண்ணெய் ஊற்றி ஏற்றி, வார்டனிடம் திட்டு வாங்கியவள்.

வேகமாக நடந்தேன். நம் சந்தில் திரும்பியதும் வீடு தெரிந்தது. வாசலில் அம்மா போட்ட பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே படி இருட்டு.

நீ ஹாலில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாய். காலண்டர் கட்டையை விரல்களால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அக்கா உன்னை இறங்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா துபாயிலிருந்து வந்துவிட்டாளாம், மத்தியானம் அவள் சாக்லேட் கொடுத்தாளாம். நீ என்னிடம் கேட்டாய். அழவில்லை, கணக்கு கேட்கிற மாதிரிதான் கேட்டாய்.

"அப்பா, இது ஏன் மெலியவே மாட்டேங்கு?"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் போன் வந்தது. நீயே எடுத்தாய். எனக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, நீ பொய் சொன்ன."

"நான் என்ன மக்ளே பொய் சொன்னேன்?"

"காலண்டரு மெலிஞ்சு அட்ட தெரியும்போ வருவேன்னு சொன்னேல்லா. அது குண்டாவே இருக்கு. அப்பா கிழிக்கவே மாட்டேங்கா. அக்காவும் கிழிக்க விடமாட்டேங்கா. பின்ன நீ எப்படி வருவ?"

கொல்லத்துச் சேச்சி பின்னால் யாருடனோ பேசுவது கேட்டது.

"அப்பாட்ட குடு மக்ளே."

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"ஏங்க, வெளிய ஏதோ விளக்கு விளக்குன்னு பெரியவ முந்திப் பேசினப்ப சொன்னாளே. இன்னிக்குக் கார்த்திகையா?"

"ஆமா."

"எனக்குத் தெரியலையே."

"எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. தெருவப் பாத்துட்டு வாறேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் சொன்னேன்.

"சின்னவ சொல்லுதது சரிதான்."

"ம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நீ ஸ்டூலிலிருந்து இறங்காமல், இப்பவே கிழி என்று நின்றாய். விளக்கு வைத்த பிறகு கிழிக்கக் கூடாது, உன் அம்மாவின் வழக்கம் என்று சொல்லி இறக்கினேன். அக்கா அலமாரியில் தேடி நாலைந்து அகல் விளக்கு கண்டுபிடித்தாள். நல்லெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் ஊற்றினோம். படியில் வைத்தோம். அன்று நான் போனை உயர்த்திப் பிடித்துப் புள்ளியைத் தேடவில்லை.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் விடிந்தும் விடியாத நேரம். அம்மா கூப்பிட்டாள்.

"குளிச்சிட்டு வந்து கிழிச்சிட்டேன்," என்றாள்.

"எத?"

"எல்லாத்தையும். இன்னிக்கு வரைக்கும். கை வலிக்கு." சிரித்தாள். "ராத்திரி அந்த மூலைல சின்னவளப் பாத்தேன். அவ தூங்கிட்டே கிடக்கா. அவ இப்ப எவ்வளவு ஒசரம்?"

"கதவுத் தாப்பாளத் தொடுதா."

"நான் போறப்ப எட்டாது." பிறகு சொன்னாள். "கையெழுத்துப் போடலன்னு சூப்பர்வைசர்ட்ட இன்னிக்கு சொல்லப் போறேன். பேசின ரெண்டு வருஷத்த முடிச்சிட்டு வாறேன். நீங்களும் அங்க கிழிங்க. நாள எண்ணணும்லா, நின்ன காலண்டர வச்சு எப்படி எண்ண?"

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனை வாங்கினாள். "அம்மா, வீடு போயிரும் பரவாயில்லையா? நான் வேற படம் அனுப்பட்டா? ரெண்டு நிமிஷ வேல."

"வேண்டாம் மக்ளே. வந்து சுவிட்சப் போட்டுக்கிடுதேன்."

உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். ஸ்டூலில் ஏற்றினேன். ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை காய்ந்து, அந்த வெள்ளிக்கிழமை முதலில் கிழிய மறுத்தது. பிறகு நீ பிடித்து இழுத்தாய். ஆடி போனது, ஆவணி போனது. ஓணத்தைக் கிழித்தாய். ஒவ்வொன்றும் நடந்த நாள்தானா என்று கேட்டுக்கொண்டே கிழித்தாய். இது உனக்குக் காய்ச்சல் வந்த நாள், இது அக்கா பரீட்சை முடித்த நாள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத நாட்கள்தான் அதிகம். நேற்றைய தாளில் திருக்கார்த்திகை என்று சிவப்பில் போட்டிருந்தது. இன்றைக்கு வந்து நின்றோம். கட்டை பாதிக்கும் மேலே குறைந்து ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. நீ விரலை வைத்து அளந்தாய்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் பழக்கத்தில் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். ஆறு மணி ஆனது. ஹாலில் இருட்டு சேர்ந்தது. ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தவில்லை. தலை ஈரமாகத்தான் இருந்தது. போனை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். சுவர் சுவராகத் தெரிந்தது, ஜன்னல் மூலையில் குடை இருந்தது. வளையம் இல்லை, பொட்டு இல்லை, புள்ளி இல்லை. அவள் அங்கே கட்டிலில் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலைக்கு மேலும் வெறும் சுவர்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இறக்கி வைத்தேன்.

எழுந்து போய் வாசல் விளக்கின் சுவிட்சை அழுத்தினேன். நான்கு மாதம் யாரும் தொடாமல் அது இறுகியிருந்தது. இரண்டாம் தடவை அழுத்தியதும் விளக்கு எரிந்தது.

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"அம்மாவாப்பா?"

"இல்ல மக்ளே. நான்தான்."